ஆறுமணிக்குருவியும் அட்டைப்பெட்டியும்

(ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டு முன்அறை ஜன்னல் கண்ணாடியில் 'தொப்'பென்று ஒரு சத்தம். யாரோ பந்து எறிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஐந்து வயதுப் பேத்தி வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "தாத்தா, கலர் கலரா ஒரு குருவி விழுந்து கிடக்கு!" என்று கத்தினாள்.

போய்ப் பார்த்தேன். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. பச்சை முதுகு, நீலம் மின்னும் இறக்கை, கண்ணருகே கறுப்புப் பட்டை, குட்டை வால், அதன் அடியில் சிவப்பு. அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் நம் மக்கள் வைத்த பெயர். வட இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்திற்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிற பறவை. இரவில்தான் பயணம் செய்யும். அத்தனை தூரம் பறந்து களைத்து வந்தது, கண்ணாடியில் தெரிந்த எங்கள் வேப்பமரத்தை உண்மை மரம் என்று நம்பி மோதிவிட்டது.

பேத்தி அதற்குள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். "வாயில ஊத்து தாத்தா, பாவம்!" என்றாள்.

அந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏழு வயதில் நானும் இதையே செய்தேன். மின்விசிறியில் அடிபட்டு விழுந்த சிட்டுக்குருவி ஒன்றைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பிக்குப் பால் புகட்டும் சங்கில் தண்ணீர் எடுத்து அதன் அலகுக்குள் ஊற்றினேன். இரண்டு முறை துடித்தது, தலை சாய்ந்தது. அடிபட்டதால் செத்தது என்று பல வருடம் நினைத்திருந்தேன். கால்நடை மருத்துவர் ஒருவர்தான் பின்னாளில் விளக்கினார். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. மயங்கிய பறவைக்கு விழுங்கத் தெரியாது. ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். அதோடு, நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் அதுவும் நின்றுவிடும். அந்தக் குருவியை என் இரக்கமே கொன்றிருக்கலாம்.

வார்டுகளில் நான் இன்றும் காண்கிற காட்சிதான் இது. நினைவில்லாமல் கிடக்கும் தகப்பனாரின் வாயில் ஒரு கரண்டி பால் ஊற்ற மகன் துடிப்பான். நர்ஸ் அம்மா தடுத்தால் கோபப்படுவான். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பதும் அன்புதான் என்று அவனுக்குப் புரியவைக்க நேரமாகும்.

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். ஒரு மெல்லிய துண்டைப் பறவையின் மேல் போட்டு, இறுக்காமல் தூக்கினேன். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பேத்தி பென்சிலால் காற்றுத் துளைகள் போட்டாள். பழைய வேட்டித்துணி விரித்து, பறவையை வைத்து மூடி, மின்விசிறி ஓடாத பின்அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். இனி இருட்டும் அமைதியும்தான் மருந்து.

பிறகு இருவரும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தோம். பாட்டி அன்று குக்கர்கூட வைக்கவில்லை.

"செத்துப்போயிடுமா தாத்தா?"

"சாகாது கண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ படுக்கைகளருகே நின்றவன் நான். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக்கூடாது என்று கற்றவன். "தெரியலை கண்ணு. நம்மால ஆனதைச் செஞ்சிருக்கோம்" என்றேன்.

"தனியா இருக்கப் பயமா இருக்காதா? நான் போய்ப் பாக்கட்டா?"

"அதுக்கு நம்ம முகந்தான் பயம்மா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. பிழைத்தால் கூண்டில் வளர்க்கலாமா என்றும் கேட்டாள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? "அதுக்கு இன்னும் போகவேண்டிய ஊர் இருக்கு" என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் பிராண்டும் சத்தம் கேட்டது. அறைக்குள் திறந்தால் இன்னொரு கண்ணாடியில் மோதும். அதனால் பெட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய், பூனையும் காக்கையும் இல்லை என்று பார்த்துவிட்டு, செம்பருத்திப் புதரடியில் சருகின்மேல் வைத்தோம். அது தரையில் இரை தேடும் பறவை. மூடியைப் பேத்திதான் எடுத்தாள். ஒரு நிமிடம் அசையாமல் எங்களைப் பார்த்தது. பிறகு தத்தித் தத்திச் சருகுக்குள் ஓடி, மதிலைத் தாண்டிப் பறந்துவிட்டது.

எப்போதும் இப்படி முடியாது. ஓரிரு மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ, இறக்கை தொங்கினாலோ, இரத்தம் வந்தாலோ கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையினரிடமோ கொண்டுபோக வேண்டும். பூனை கவ்விய பறவையானால், காயம் தெரியாவிட்டாலும் உடனே போக வேண்டும். பூனையின் பல்லில் உள்ள கிருமியே அதைக் கொன்றுவிடும்.

மறுநாள் பேத்தி பாட்டியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலின் வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்திற்கு ஒன்றாக ஒட்டினோம். ஒன்றிரண்டு ஒட்டினால் பயனில்லை. கண்ணாடி முழுவதும் நெருக்கமாக இருந்தால்தான் பறவைக்கு அது தடுப்பு என்று தெரியும். முதல் மழைக்கே பொட்டுகள் உதிர்ந்துவிட்டன. பிறகு வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்தோம். வீட்டிற்கு வருகிறவர்கள் என்ன இது கோலம் என்று கேட்கிறார்கள். பேத்தியே முந்திக்கொண்டு கதையைச் சொல்லிவிடுகிறாள். கடைசியில் தவறாமல் ஒன்று சேர்க்கிறாள்: "தண்ணி மட்டும் ஊத்தக்கூடாது."

ஏழு வயதில் எனக்கு யாரும் சொல்லாத அந்த வார்த்தையை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.