விலைக்கு வாங்கப்பட்ட பிள்ளை, நாடு காத்த தலைவர்



1548-ஆம் ஆண்டு வாக்கில் எத்தியோப்பியாவில் பிறந்தவன் சாப்பு. சின்ன வயதிலேயே அடிமையாக விற்றுவிட்டார்கள். மோக்கா துறைமுகம், பாக்தாத் நகரம் என்று கை மாறிக்கொண்டே போனான். பாக்தாத் வணிகர் ஒருவர் அவனைப் படிக்க வைத்து, அம்பர் என்று பெயரிட்டார். பிறகு கப்பலேற்றித் தக்காணத்துக்குக் கொண்டுவந்தார்கள். அகமதுநகர் அரசின் பேஷ்வா, அதாவது முதலமைச்சர், சங்கீஸ் கான் அம்பரை வாங்கினார். சங்கீஸ் கானும் ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவர்தான். அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி அம்பருக்கு விடுதலை கொடுத்தார்.

விடுதலை பெற்ற அம்பர் போர்வீரரானார். கொஞ்ச காலம் பீஜப்பூரில் பணிசெய்து 'மாலிக்' என்ற பட்டம் பெற்றார். 1600-இல் அகமதுநகர்க் கோட்டை மொகலாயர் கையில் விழுந்தது. நாடே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த வேளையில், அரச குடும்பத்து வாரிசு ஒருவரை அரியணையில் அமர்த்தி, தாமே பேஷ்வாவாகப் பொறுப்பேற்றார் மாலிக் அம்பர். 1626-இல் கண்மூடும் வரை மொகலாயப் பெரும்படையைத் தடுத்து நிறுத்தினார்.

வெட்டவெளியில் நேருக்கு நேர் மோதுவதை அவர் தவிர்த்தார். இரவில் பாய்வார், தானியம் வரும் வழியை அடைப்பார், மலைக்குள் மறைவார். சிவாஜியின் தந்தை ஷாஹாஜி அவருடைய படையில் நின்று போரிட்டவர். 1624-இல் பாட்வாடியில் ஏரிக்கரையை உடைத்துவிட்டு, எதிரியின் பாசறையைச் சேறாக்கித் திணறடித்தார் அம்பர். பேரரசர் ஜஹாங்கீருக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்! அம்பரின் தலையைத் தாம் அம்பெய்து துளைப்பதுபோல ஓவியமே வரையச் செய்தார். ஆனால் அவரை முழுமையாக அடக்க முடியவில்லை. அம்பர் இறந்த பிறகு மொகலாய அரசவை வரலாற்றாசிரியரே அவருடைய திறமையை மனமாரப் புகழ்ந்து எழுதினார்.

ஏரிகளை நம்பிப் பயிர் வைக்கும் கங்காதர நெல்லூர், சித்தூர் வட்டார நேயர்களுக்கு அவருடைய இன்னொரு வேலையின் அருமை நன்றாகவே தெரியும். 1610-இல் அவர் நிறுவிய கட்கி நகரம்தான் பின்னாளில் ஔரங்காபாத் ஆனது. தண்ணீர் இல்லாத அந்த ஊருக்கு நிலத்தடிக் கால்வாய் வெட்டி நீர் கொண்டுவந்தார். அவர் காலத்துக்குப் பிறகும் பல தலைமுறைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தன. அவரைப் போலவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சித்தி மக்கள், கொங்கணக் கரையில் ஜஞ்சிரா கடற்கோட்டையைக் காத்தார்கள். மராட்டியரால் அதைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

ஆனால் அம்பரின் காலத்திலேயே நம் கரையிலும் மனிதர்களை விற்றார்கள். இன்றைய திருப்பதி மாவட்டத்தைத் தொட்டுக் கிடக்கிறதே பழவேற்காடு ஏரி, அதன் கடலோரத்தில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டினார்கள். பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். பலர் போய்ச்சேர்ந்த இடம் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. அவர்களிலும் நாடு காக்கக் கூடியவர்கள், கால்வாய் வெட்டத் தெரிந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? அம்பருக்குக் கிடைத்த படிப்பும் விடுதலையும் அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. நாம் இழந்தது எவ்வளவு என்று கணக்குப் போடவே முடியாது.

பின்னாளில் இந்தியாவில் 1843-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரை அடிமையாக வைத்திருக்கும் உரிமையை ஏற்க மறுத்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. இருந்தும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும், வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடப்பவர்கள் இன்னும் மீட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படி யாரையாவது நீங்கள் பார்த்தால் மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ (ஆர்.டி.ஓ.) சொல்லுங்கள். விசாரித்து அவர்களை மீட்டு, விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டியது அந்த அதிகாரிகளின் கடமை. அந்த முன்பணக் கடனும் சட்டப்படி செல்லாது.

மீட்பதோடு நம் வேலை முடியவில்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படிப்பை முடிக்கும் வரை ஊரே துணை நிற்க வேண்டும். விடுதலையும் கல்வியும் ஒன்றாகக் கிடைத்தால் ஒரு பிள்ளை எவ்வளவு உயர முடியும் என்பதை மாலிக் அம்பர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்.