கர்ப்பிணியின் அரிப்பும் இரத்தப் பரிசோதனையும்
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



கொல்லிமலை திருப்புலி நாட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாம் மாதக் கர்ப்பிணி அத்தனை வளைவையும் கடந்து வந்தால் வலிதான் காரணம் என்று நினைப்போம். சிலர் அரிப்புக்காக வருகிறார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கிறது, இரவில் தூக்கமில்லை. தோலில் தடிப்பு இல்லை, சொறிந்த கீறல்தான் உண்டு. பூச்சிக்கடி என்று களிம்பு கொடுத்து அனுப்பியவர்களில் நாங்களும் உண்டு.

கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களை உண்டாக்குகிறது. அவை குடலில் கொழுப்பைச் செரிக்க உதவிவிட்டு, ஏறக்குறைய 95 சதவீதம் கல்லீரலுக்கே திரும்புகின்றன. (தலைசுற்றினால் பித்தம் என்கிறோமே, அது வேறு.) சில பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் இந்த ஓட்டம் தடைப்படுகிறது. ஏரி நிரம்பி உபரி நீர் வழிவதுபோல, அமிலம் இரத்தத்தில் கலக்கிறது. தாய்க்கு அரிப்பு, வயிற்றுப் பிள்ளைக்கோ உயிராபத்து.

ஏரியையே அளந்தால் என்ன என்று கேட்பீர்கள். அளக்கலாம். ஊசியால் கல்லீரலிலிருந்து நூலளவு திசுவை எடுத்து, எடை போட்டு, அரைத்து, ஆல்கஹாலில் அமிலத்தைப் பிரித்து, கருவியில் வைத்தால் கிராமுக்கு எவ்வளவு என்று தெரியும். ஆராய்ச்சிக்கு அது சரி. கர்ப்பிணிக்கு ஏன் அந்த ஊசி? இரத்தக்கசிவு பயம் வேறு. வழிகிற நீரை அளந்தாலே போதும். கையிலிருந்து கொஞ்சம் இரத்தம்.

அந்த எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஒற்றைப் பிள்ளை சுமந்தவர்களில் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் குறைவாக இருந்தவர்களுக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறந்தது ஆயிரத்துக்கு ஒன்று அளவில்தான். 100-ம் அதற்கு மேலும் இருந்தவர்களில் நூற்றுக்கு மூவருக்கு மேல். ஆகவே 100-ஐத் தொட்டால் மருத்துவர்கள் 35, 36-ஆம் வாரத்திலேயே பிரசவம் பார்க்க யோசிக்கிறார்கள். அர்சோடிஆக்சிகோலிக் அமில மாத்திரை பிள்ளையைக் காக்கும் என்று பலரும் நம்பியிருந்தார்கள்; அதே ஆண்டு வெளியான இங்கிலாந்துப் பரிசோதனை அப்படிக் காட்டவில்லை.

ஒருமுறை அளந்தால் முடிந்துவிடுவதில்லை. இன்று 30 காட்டியவருக்குப் பிரசவம் நெருங்கும்போது ஏறலாம். மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும். மறுபடி 70 வளைவுகள். அவளுக்கும் கூட வரும் கணவனுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. இரண்டாம் முறை வராமல் போகிறவர்கள் இதனால்தான். அந்தக் கூலியை ஈடுகட்டவே உங்களிடம் கேட்க வந்திருக்கிறோம்.