வேலை, வீடு, கண்ணியம்: திருமண உரிமைக்கு அப்பால் தொடரும் போராட்டம்

2023 அக்டோபர் 17 அன்று, சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்று ஐவரும் கூறினர். பால்புதுமை இணையரின் சேர்வாழ்வுக்குச் சட்ட ஏற்பு வழங்கும் கடமை அரசுக்கு உண்டா என்ற கேள்வியில் இருவர் உண்டு என்றனர். மூவர் இல்லை என்றனர். பெரும்பான்மையின் முடிவே தீர்ப்பாயிற்று.

வழக்கு நடந்த காலத்தில், இக்கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என்று ஒன்றிய அரசு வாதிட்டது. அந்த வாதம் உண்மைக்கு நேர்மாறானது. வசதி படைத்தவர் நல்ல வழக்கறிஞரை அமர்த்தி உயில் எழுதலாம். தனியார் காப்பீடு வாங்கலாம். தனி வீட்டில் வாழலாம். தொழிலாளிக்கு அந்த வழிகள் இல்லை. ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் போன்றோரையே குடும்பம் என்கிறது. இருபது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இணையர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே திருமண சமத்துவம் உழைப்பாளரின் கோரிக்கையும் ஆகும். ஆனால் போராட்டம் அந்த ஒரு வாசலில் நின்றுவிட முடியாது. திருமணத்துக்கு முன்பே வேலை வேண்டும். தலைக்கு மேல் கூரை வேண்டும். காவல் நிலையத்தை அஞ்சாமல் கடந்து செல்லும் நிலை வேண்டும்.

2017இல் கொச்சி மெட்ரோ திருநர்களைப் பணியில் அமர்த்தியது. நாடு முழுவதும் அந்த முடிவு பாராட்டப்பட்டது. ஆயினும் சில வாரங்களுக்குள்ளேயே அவர்களில் சிலர் வேலையைக் கைவிட நேர்ந்தது. காரணம், நகரில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர ஆளில்லை. விடுதி அறைக்கு நாள்தோறும் கொடுத்த பணத்தைச் சம்பளத்தால் ஈடுகட்ட இயலவில்லை. நல்ல நோக்கத்தோடு திறக்கப்பட்ட கதவை வீட்டு உரிமையாளரின் தப்பெண்ணம் மூடிவிட்டது. பாகுபாடு என்பது ஒரு சங்கிலி. அதன் ஒரு கண்ணியை மட்டும் அறுத்தால் மனிதர் விடுபடுவதில்லை என்பதே கொச்சி தரும் பாடம்.

இந்தச் சங்கிலி நெடுங்காலமாக வார்க்கப்பட்டது. காலனி ஆட்சி 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 377ஆவது பிரிவை எழுதியது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் மூலம் ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணித்தது. ஹைதராபாத் நிஜாம் ஆட்சியின் இதே போன்ற சட்டம் ஒன்று தெலங்கானாவில் 2023 வரை ஏட்டில் இருந்தது; அவ்வாண்டில்தான் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆவது பிரிவின் பிடி தளர்ந்தது. குற்றவாளி என்ற முத்திரை நீங்கியது. ஆனால் குற்றமற்றவர் என்று அறிவிப்பது வேறு. சமமானவராக நடத்துவது வேறு.

2014 ஏப்ரல் 15 அன்று வந்த நால்சா தீர்ப்பு, தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. கல்வியிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு வழங்கப் பணித்தது. 2019இல் ஒன்றிய அரசு இயற்றிய திருநர் சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. இட ஒதுக்கீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலையிலும் வீட்டிலும் மருத்துவத்திலும் பாகுபாடு கூடாது என்று அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறுகிறது. மீறினால் என்ன தண்டனை என்று கூறவில்லை. பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்பவருக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு இச்சட்டம் விதிப்பதோ ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள். உடல் ஒன்றே, வலி ஒன்றே. விலை மட்டும் வேறு.

அதே சட்டம் குடும்பம் என்பதை இரத்தம், திருமணம், தத்து ஆகிய மூன்றுக்குள் அடைக்கிறது. பிறந்த வீட்டில் அடித்துத் துரத்தப்பட்டவரை ஏற்று வளர்க்கும் மூத்த திருநங்கை இச்சட்டத்தின் கண்ணில் யாரோ ஒருவர். சாதியின் தூய்மையைக் காக்கும் குடும்பமே மகளின் காதலையும் காவல் காக்கிறது. சாதி மறுத்து மணந்தவரைத் துரத்தும் கரங்களும், வீட்டை விட்டு வெளியேறிய இரு பெண்களைத் தேடிக் காவல் நிலையம் செல்லும் கரங்களும் வேறு வேறல்ல. ஆணவக் கொலைக்கு எதிரான போராட்டமும் பால்புதுமையினரின் போராட்டமும் சந்திக்கும் இடம் இதுவே.

தன்பாலீர்ப்பாளர்களுக்கோ அந்தப் பல்லில்லாத சட்டம்கூட இல்லை. தனியார் நிறுவனம் ஒருவரை அவருடைய பாலீர்ப்பைக் காரணம் காட்டி வெளியேற்றினால் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் புகாரை மட்டுமே ஏற்கிறது. 2024இல் ஒன்றிய அரசு, பால்புதுமை இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்றும், ரேஷன் அட்டைக்கு அவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும் சுற்றறிக்கை விடுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் சுற்றறிக்கையைக் கொடுத்த கையே திரும்பப் பெறவும் முடியும். உரிமை என்பது சட்டத்தில் நிற்க வேண்டும்.

இட ஒதுக்கீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. திருநர்களை மொத்தமாக ஒரு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தால், தலித் திருநங்கை தன் சாதிக்குரிய உரிமையையோ பாலினத்துக்குரிய உரிமையையோ விட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பங்கு ஒதுக்கும் கிடைமட்ட இட ஒதுக்கீடே இதற்குத் தீர்வு. 2021இல் கர்நாடகம் அரசுப் பணிகளில் 1 விழுக்காட்டை இவ்வாறு ஒதுக்கியது. ஒரு மாநிலத்தால் முடிந்தது மற்ற மாநிலங்களால் முடியாததல்ல.

தோழர்களே, கோரிக்கைகள் தெளிவானவை. தனியார் வேலை, வாடகை வீடு, கல்வி, மருத்துவம் அனைத்தையும் உள்ளடக்கிய, தண்டனைப் பிரிவுகள் கொண்ட பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டம் வேண்டும். கிடைமட்ட இட ஒதுக்கீடு வேண்டும். தேர்ந்துகொண்ட குடும்பத்துக்குச் சட்ட ஏற்பு வேண்டும். திருமண சமத்துவமும் வேண்டும்.

இவற்றை அரசிடம் மட்டும் கேட்டால் போதாது. தொழிற்சங்கம் தன் கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சேர்த்திருக்கிறதா? கேலிக்கு ஆளாகும் சக தொழிலாளிக்காகச் சங்கக் கிளை வாய் திறக்கிறதா? முற்போக்கு இயக்கத்தில் உள்ளவர் தம் வீட்டின் மாடியை ஒரு திருநங்கைக்கு வாடகைக்கு விடுவாரா? கொச்சியில் மூடப்பட்ட கதவுகள் முதலாளிகளுடையவை மட்டுமல்ல. சாதாரண மனிதர்களின் வீட்டுக் கதவுகளும்தான். அவற்றை எந்த நீதிமன்றமும் திறந்துவிடாது. மக்களிடையே நின்று பேசும் இயக்கமே திறக்க முடியும்.