சம்மதம் என்று எழுதிக்கொண்ட மௌனம்

(சோழபுரத்தில் மாணவர்களிடையே பேசியது)



எங்க தாத்தா முதலாளி வீட்டைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தோள்துண்டு கக்கத்துக்குப் போய்விடும். சின்னப் பையனாக, "ஏன் தாத்தா?" என்று கேட்டேன். "அது வழக்கம்டா" என்றார். ராத்திரி பாட்டியிடம் சொன்னது வேறு: "நாளைக்குக் களத்துல நெல்லு அளந்து வாங்கணும்ல."

மானுடவியல் படிப்பு இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் மொஃபாட் செங்கல்பட்டுப் பகுதிச் சேரி ஒன்றை ஆராய்ந்து 1979இல் புத்தகம் எழுதினார். தீண்டப்படாதோரும் சாதியை ஏற்கிறார்கள், தங்களுக்குள்ளும் அதையே நகலெடுக்கிறார்கள் என்பது அவர் முடிவு. அவர் காதில் விழுந்தது முதல் பதில். கீழேயிருந்து பார்த்தால் சாதி ஒரு சுரண்டல் ஏற்பாடு என்று ஜோன் மென்ச்சர் 1974லேயே எழுதியிருந்தார்.

சம்மதம் எப்படித் தயாராகிறது? நம்ம விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைப் பாருங்க. 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனுப்போட ஆளில்லை, போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. கடிதத்தை மட்டும் படிக்கிறவனுக்கு அது சம்மதம். கூலியும் தண்ணியும் நடக்கிற பாதையும் ஆதிக்கசாதி கையில் இருந்தால் சம்மதம் தானாக வரும்! 2006இல்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது.

இந்தக் கட்டுப்பாட்டின் வேரை மானுடவியல் கருத்தரங்கிலேயே தொட்டுக் காட்டியவர் அம்பேத்கர். 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகம், அவருக்கு வயது 25. அகமணம்தான் சாதியின் உயிர். அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் என்றார். நூறு வருஷம் கழித்து, 2016 மார்ச்சில், சாதி மீறிக் கல்யாணம் செய்ததற்காக உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பூட்டு இன்னும் திறக்கவில்லை.

மொஃபாட்டை முழுசாகத் தள்ளவும் முடியாது. பள்ளர், பறையர், அருந்ததியர் என்று நமக்குள்ளும் படி இருக்கிறது. அருந்ததியர் வீட்டில் நாம் சம்பந்தம் செய்கிறோமா? படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். ஒவ்வொருத்தனுக்கும் மிதிக்க ஒருத்தனைக் கொடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யார் கேட்பது?

மாணவர்களே, நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களே ஆய்வுக்குப் போங்க. நம்ம தெருவிலிருந்து தொடங்குங்க. முதல் பதிலோடு திரும்பி வராதீங்க. ராத்திரி பேசுவதையும் கேட்டு எழுதுங்க.