வானத்திலிருந்து வந்த ரட்சகன்



சினிமாவைப் பற்றி மேடையில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நூறு பிரசங்கங்களால் ஜனங்கள் மனதில் ஏறாத விஷயம் ஒரு படத்தினால் ஏறிவிடுகிறது. ஆகையால், 2019-ம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் வெளியான "பிரைட்பர்ன்" என்னும் படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

முதலில் இதற்கு மூலமான கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1938-ல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு வாலிபர்கள் உண்டாக்கிய "சூப்பர்மேன்" சித்திரக்கதை வெளிவந்தது. வேற்றுலகத்துக் குழந்தை பூமியில் விழுகிறது. குடியானவத் தம்பதிகள் எடுத்து வளர்க்கிறார்கள். அவன் ஆகாயத்தில் பறந்து உலகத்தைக் காக்கிறான். இப்பேர்ப்பட்ட ரட்சகனை உண்டாக்கிய இருவரும் அவன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். ரட்சகன் அவர்களைக்கூட ரட்சிக்கவில்லை!

"பிரைட்பர்ன்" அதே கதையைத்தான் எடுத்துக்கொண்டது. கதை எழுதியவர்கள் பிரையன் கன், மார்க் கன். தயாரித்தவர் ஜேம்ஸ் கன். டைரக்டர் டேவிட் யாரோவெஸ்கி. அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: வானத்திலிருந்து வந்தவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்பதற்கு என்ன ஜாமீன்?

இதில் பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது சக்தி வெளிப்படுகிறது. பறக்கிறான், கண்ணிலிருந்து நெருப்பைக் கக்குகிறான், துப்பாக்கிக் குண்டு அவனைத் துளைப்பதில்லை. சூப்பர்மேன் செய்தால் கைதட்டுகிற அதே காரியங்களை இவன் செய்யும்போது ஜனங்கள் நடுங்குகிறார்கள். சக்தி மாறவில்லை, தோழர்களே! அதற்கு இலக்கானவன் பக்கத்திலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

வளர்த்த தகப்பனுக்குச் சந்தேகம் தோன்றுகிறது. தாயோ, "என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்" என்றே நம்புகிறாள். அவன் நோட்டுப் புத்தகத்தில் வரைந்திருப்பவற்றைக் கண்ணால் கண்ட பிறகுதான் அவளுக்கு உண்மை விளங்குகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. அன்பு வேண்டியதுதான், ஆனால் அத்தாட்சி எதிரே வந்து நிற்கும்போதும் கண்ணை மூடிக்கொள்ளுவது அன்பாகுமா?

இவ்வகை வீரர் படங்களுக்கு 20 கோடி டாலருக்கு மேலும் கொட்டுகிற தேசத்தில், இதற்கான செலவு 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேற்படவில்லை. வசூலோ உலகமெங்கும் சுமார் 3 கோடியே 30 லட்சம் டாலர். விமரிசகர்களின் அபிப்பிராயம் இரண்டுபட்டது. யோசனை நல்லது என்று மெச்சியவர்களே, ரத்தத்தைக் காட்டிய அளவுக்குப் பையனின் மனம் கெட்ட விதத்தைக் காட்டவில்லை என்று குறையும் கூறினார்கள். அது நியாயமான குறையே. பயமுறுத்துவது சுலபம், காரணத்தைக் காட்டுவதல்லவோ கஷ்டம்?

ஆனாலும் படம் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. யாராலும் தடுக்க முடியாத, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத சக்தி ஒருவனிடம் இருந்தால், அவன் நல்லவனாயிருப்பது நமது அதிர்ஷ்டமே தவிர நமது பாதுகாப்பு ஆகாது. ரட்சகன் வருவானென்று வானத்தை அண்ணாந்து பார்ப்பதைவிட, வந்தவனை "நீ யார், உன்னைக் கேட்பார் யார்?" என்று விசாரிப்பதே மனிதனுக்கு அழகு என்று கூறி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.