இரண்டு மாரி தாங்காத வீதி வீதியாகுமா?

(கிளிநொச்சியில் கமக்காரரும் பல்துறை அலுவலரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வீதியைத் தோண்டிக் குழாய் புதைத்த பின் அக்குழியை எவ்வாறு மூடுவது என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். “நாட்டிலே எத்தனையோ பெரும் பிரச்சினைகள் இருக்க, குழி மூடுவதற்கும் ஒரு கூட்டமா?” என்று சிலர் கேட்கக்கூடும். குழியில் விழாதவர் அப்படிக் கேட்கலாம். விழுந்தவர் கேட்கமாட்டார்.

போரின் இறுதிக் கட்டத்திலே கிளிநொச்சி நகரின் நீர்த்தாங்கி வீழ்ந்தது. வீழ்ந்து கிடந்த அந்தப் பெரிய கொங்கிறீற் உருவத்தைத் தூர இடங்களிலிருந்து வந்தோர் பல்லாண்டுகளாக ஏ-9 வீதியோரத்தில் இறங்கி நின்று படம் பிடித்துச் சென்றனர். மேலே நின்ற தாங்கி வீழ்ந்ததை உலகம் கண்டது. மண்ணுக்குள் கிடக்கும் குழாயையும் அதன்மேல் மூடிய மண்ணையும் காண வருவார் எவருமில்லை. ஆயினும் தாங்கியின் நீர் வீட்டு வாசலுக்கு வருவது அந்தக் குழாய் வழியாகவே; வயலுக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் நாம் செல்வது அந்த மண்ணின் மேலாகவே.

யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 ஆம் ஆண்டில் கடன் வழங்க ஒப்பியது. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்வதென்ற முதல் ஏற்பாட்டை இங்குள்ள கமக்காரர் எதிர்த்ததையும், பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். அதன் ஆற்றல் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். வவுனியாவிலும் நகரின் குடிநீருக்கென்று பேராற்றில் நீர்த்தேக்கம் அமைந்தது. நீர் யாருக்குரியது என்னும் வழக்கை இன்று நாம் எடுக்கவில்லை. நீர் எங்கிருந்து வந்தாலும் குழாயில்தான் வரும். குழாய் வீதியைத் தோண்டித்தான் வரும். அதற்குப் பின்னால் தொலைபேசி வடம் வரும். எரிவாயு இன்று நம் அடுப்புக்குச் சிலிண்டரிலேயே வருகின்றது. நாளை அதுவும் குழாயில் வரலாம். ஆதலின் தோண்டுவோர் முறையை இன்றே வகுத்துக்கொள்வது நமக்கு நல்லது.

பொறுப்பேற்பார் யார்?

நாமறிந்த சிற்றூர் ஒன்றிலே நடந்ததைச் சொல்வோம். ஆனி மாதத்தில் வீதியைத் தோண்டினர், ஆடியில் மூடினர். பெக்கோ இயந்திரம் மண்ணை ஒரே வாரில் குழிக்குள் தள்ளியது; அதன் சில்லே மேலேறி மிதித்தது; சிறிது கிரவலும் தாரும் பூசப்பட்டன. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. கார்த்திகையில் மழை பிடித்தது. மூடிய இடம் ஒரு முழம் இறங்கியது. பள்ளத்தில் நீர் நின்றபடியால் ஆழம் தெரியவில்லை. தை மாதத்தின் கடைசியில், மழை ஓய்ந்து சேறு காயாத வேளையில், காலபோக நெல் ஏற்றி வந்த உழவு இயந்திரத்தின் பெட்டி அதிலே சரிந்தது. மூட்டைகள் சேற்றில் விழுந்தன. ஓட்டி வந்தவரின் கால் முறிந்தது.

அவர் நீதி தேடிச் சென்றார். குழாய்க்குப் பொறுப்பானவர்கள், “வீதி எம்முடையதன்று” என்றனர். வீதிக்குப் பொறுப்பானவர்கள், “தோண்டியவர் நாமல்லர்” என்றனர். ஒப்பந்தகாரரோ பணத்தைப் பெற்றுக்கொண்டு மாவட்டத்தையே விட்டுப் போயிருந்தார். ஒரு போகத்து உழைப்பை இழந்தவருக்கு மூன்று வாசல்களிலும் கிடைத்த விடை ஒன்றே: “நாமல்லர்.”

குளக்கட்டு கற்பித்த பாடம்

அன்பர்களே! மண்ணைப் பற்றி வன்னி மக்களுக்கு வெளியார் வந்து பாடம் சொல்லவேண்டியதில்லை. குளங்களால் வாழும் நாடு இது. குளக்கட்டு உடைந்தால் அதனை எவ்வாறு அடைப்பது என்று இங்கிருக்கும் முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டி வண்டியாக மண்ணை ஒரே முறையில் கொட்டி விடுவார்களா? இல்லை. மெல்லிய படையாகப் பரப்புவார்கள், அளவாக நனைப்பார்கள், மாட்டை விட்டு மிதிப்பிப்பார்கள், அதன்மேல் அடுத்த படையைப் பரப்புவார்கள். அப்படிச் செய்யாத கட்டு முதல் வெள்ளத்தோடு போய்விடும்.

இதே உண்மையைத்தான் 1933 ஆம் ஆண்டில் புறொக்டர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் சோதனை வாயிலாக நிறுவினார். அவரும் மண் அணைகளில் வேலை செய்தவரே. ஒவ்வொரு மண்ணுக்கும் அதற்கேற்ற ஈர அளவு ஒன்றுண்டு. அந்த ஈரத்தில் இடித்தால் மண் மிக நெருக்கமாக இறுகும். காய்ந்திருந்தாலும் சேறாயிருந்தாலும் அவ்வாறு இறுகாது. இன்று உலகெங்கும் வீதி வேலையில் மண் எத்தனை வீதம் இறுகியது என்று அளப்பது அவர் காட்டிய அளவையை வைத்தே. 95 வீதம் என்பது பெரிதும் வழங்கும் அளவு.

தோண்டிய மண் பொருமுகின்றது. அதனைத் திரும்பக் கொட்டும்போது குழி நிறைந்து மேடாகவும் தெரிகின்றது. மேட்டைக் கண்டு வேலை முடிந்ததென்று நினைக்கிறோம். உள்ளே இருப்பதில் ஒரு பங்கு காற்று! மழைநீர் இறங்கும்போது காற்று வெளியேறுகின்றது, மண் அமர்கின்றது, மேலே பூசிய தார் தாங்க ஆளின்றி முறிகின்றது. நிலம் சீராக அமராவிட்டால் குழாயும் வளைந்து அதன் மூட்டு ஒழுகும். ஒழுகும் நீர் மண்ணை மேலும் கரைக்கும். எரிவாயுக் குழாயானால் ஒழுகுவது நீரன்று, நெருப்புக்கு உணவாகும் வாயு. அது மண்ணின் துளைகளூடே நகர்ந்து வீட்டுக்குள்ளும் புகும்.

மூடும் முறை

முறை கடினமானதன்று. குழாயின் கீழும் பக்கங்களிலும் கல்லற்ற மணலை அல்லது நுண்மண்ணை இட்டு, குழாயின் தலைக்கு மேல் ஏறத்தாழ 30 சதமமீற்றர் வரை மெல்லவே இடித்து இறுக்கவேண்டும்; அங்கே பாரமான இயந்திரம் ஏறலாகாது. அதற்கு மேல் 15 சதமமீற்றர், அதாவது அரையடி கொண்ட படைகளாக மண்ணிட்டு, ஒவ்வொரு படையையும் இயந்திரத்தால் இடிக்கவேண்டும். ஒரு பிடி மண்ணைக் கையிலெடுத்து இறுகப் பிடித்தால் அது உருண்டையாக நிற்கவேண்டும்; உள்ளங்கையை நனைக்கலாகாது. ஈரத்தை ஊகிக்க இது போதும். உறுதி காண மணல் மாற்றுச் சோதனை இருக்கின்றது.

அதன்மேல் கிரவல், பின்னர் சல்லி, பின்னர் தார் என்று பழைய வீதியில் எத்தனை படை இருந்ததோ அத்தனை படையும் அதே கனத்தில் திரும்ப வரவேண்டும். காபெற் வீதியானால் குழியின் ஓரத்தை நேர்கோட்டில் வாளியந்திரத்தால் அறுத்து, குழியை விடச் சற்று அகலமாக மேற்படையை எடுத்துவிட்டு, இரு பக்கமும் உறுதியான நிலத்தில் ஊன்றும்படி புதுப் படையை இடவேண்டும். பழையதும் புதியதும் சேரும் மூட்டைத் தாரால் அடைக்கவேண்டும். நீர் நுழைவது அந்த மூட்டு வழியாகத்தான்.

வன்னியில் மண் ஓரிடத்தில் இருப்பதுபோல் மற்றோரிடத்தில் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் மணல், உள்நாட்டில் செம்மண், தாழ்நிலங்களில் கோடையில் வெடித்து மாரியில் பொருமும் களி. களியைக் காபெற்றின் கீழ் அப்படியே திருப்பி இடலாகாது. நல்ல கிரவல் கொண்டுவரவேண்டும். சரிவான வீதியில் மணலால் நிரப்பிய குழி தானே ஒரு வாய்க்காலாக மாறி மண்ணை அரித்துச் செல்லும். இடையிடையே களியால் தடுப்பு வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் அறிந்து தோண்டவேண்டும். காலபோக அறுவடை முடிந்தபின் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் மேற்படையும் இட்டு முடிப்பதே இம்மண்ணுக்குரிய ஒழுங்கு.

வயலுக்குள் குழாய் செல்லுமானால் இன்னொரு கவனமும் வேண்டும். உழவர் தலைமுறை தலைமுறையாகச் சேறாக்கி மிதித்ததனால் வயலில் ஓரளவு ஆழத்தில் இறுகிய தட்டு ஒன்று உண்டாகியிருக்கின்றது. நீரைத் தாங்குவது அதுதான். அதனை உடைத்துவிட்டு மேல் மண்ணையும் அடி மண்ணையும் கலந்து மூடினால் அந்த வரியில் நீர் நில்லாது, பயிரும் நில்லாது. மேல் மண்ணை வேறாக எடுத்துவைத்து, அடித்தட்டை இறுக்கியபின் அதனை மேலே இடவேண்டும். வரம்பும் வாய்க்காலும் முன்னிருந்த மட்டத்திலேயே திரும்ப அமையவேண்டும்.

பிறநாட்டார் கண்ட வழி

“நாமல்லர்” என்னும் விடை வன்னியில் மட்டும் பிறந்ததன்று. இலண்டன் வீதிகளில் எரிவாயுக் குழாய் புதைக்கத் தொடங்கி 200 ஆண்டுகள் கடந்துவிட்டன. வாயுவுக்கு ஒருவர், நீருக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர் என்று மாறி மாறித் தோண்டினர். 1950 ஆம் ஆண்டில் சட்டம் செய்தும் பொறுப்பு பகிர்ந்தே கிடந்தது. 1985 இல் பேராசிரியர் ஹோண் தலைமையிலான குழு அதனை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1991 ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கைத் தீர்த்தது: தோண்டியவரே மூடவேண்டும், நிரந்தரமாக மூடிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கும், ஆழமான குழியானால் மூன்று ஆண்டுகளுக்கும் அவரே பொறுப்பு. தற்காலிகமாக மூடினால் ஆறு மாதங்களுக்குள் நிரந்தரமாக்கவேண்டும். பொறுப்பு ஒருவர் கையில் வந்தவுடன் “நாமல்லர்” என்று சொல்ல இடமில்லாமற் போயிற்று.

புதைத்தது எங்கே என்று எழுதி வைப்பதும் மூடுவதன் ஒரு பகுதியே. தாய்வானின் கவ்சியுங் நகரில் 2014 ஆம் ஆண்டு ஜூலை 31 இரவிலும் மறுநாள் அதிகாலையிலும் வீதிகள் வெடித்துப் பிளந்தன. 32 பேர் இறந்தனர். ஏறத்தாழ 300 பேர் காயமுற்றனர். தொழிற்சாலை வாயுவைக் கொண்டுசென்ற குழாய் ஒன்று மழைநீர் வடிகாலுக்குள்ளே அகப்பட்டு, பல்லாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. வீதியின் அடியில் என்ன இருக்கின்றது என்று அறியாத ஊர் எத்தனை இடர்ப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நாம் கேட்பவை

2025 மே மாதத் தேர்தலின் பின் நம் பிரதேச சபைகளில் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் இருக்கின்றனர். அவர்களையும், வீதி அபிவிருத்தி அதிகார சபையையும், மாகாண வீதித் திணைக்களத்தையும், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையும் நோக்கி நாம் கேட்பவை நான்கே.

ஒன்று: தோண்டுமுன் தோண்டுவோரும் வீதிக்குரியோரும் சேர்ந்து, குழிக்குப் பொறுப்பாளர் யார் என்று ஒரே பெயரை எழுதிக் கைச்சாத்திடவேண்டும்.

இரண்டு: ஒப்பந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. வீதி இரண்டு மாரி கண்டு தாங்கிய பின்னரே அப்பகுதியை விடுவிக்கவேண்டும். ஒரு மாரி போதாது. முதல் மாரியில் இறங்கியதை நிரப்பிவிட்டு, இரண்டாம் மாரிக்கு முன் மறைந்துவிடுவோர் உளர்.

மூன்று: எத்தனை ஆழம், எத்தனை படை, எவ்வகை மண் என்பனவற்றைத் தமிழில் எழுதி வேலைத்தலத்தில் பலகையாக நாட்டவேண்டும். வடக்குக் கிழக்கின் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. கடிதத் தலைப்பிலே மட்டும் தமிழ் இருந்து, மண்ணின் கணக்கு வேறு மொழியில் இருந்தால் அந்த உரிமையால் யாருக்கு என்ன பயன்?

நான்கு: புதைத்த எல்லாவற்றின் வரைபடமும் பிரதேச சபையில் எவரும் பார்க்கத்தக்கதாக இருக்கவேண்டும். தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. வீட்டிணைப்புக்காக இரவோடிரவாகத் தார் வீதியைக் கொத்திவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடுவோர் நம்முள்ளும் இருக்கின்றனர். வயலுக்கு நீர் பாய்ச்ச வீதியை வெட்டுவோர் இருக்கின்றனர். இரும்புச் சில்லுப் பூட்டிய உழவு இயந்திரத்தைக் காபெற்றின் மேலே ஓட்டுவோரும் இருக்கின்றனர். பிறரிடம் கேட்கும் ஒழுங்கை முதலில் நாம் காக்கவேண்டும்.

கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றும் இருவரை நியமிக்கட்டும். ஊரிலுள்ள பொறியியலாளரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, படையின் கனத்தை அளக்கவும் மண்ணைப் பிடித்துப் பார்க்கவும் அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கட்டும். குழி திறந்திருக்கும் போது அளவுகோலோடு அருகே நின்று நாளும் நேரமும் குறிப்பதற்கும் ஒரு படம் எடுப்பதற்கும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மூடிய பின் கேட்கும் ஆயிரம் கேள்வியை விட மூடுமுன் கேட்கும் ஒரு கேள்வி வலியது.

பெரியோர்களே! இந்த மண் போதுமான அளவு தோண்டப்பட்டுவிட்டது. பதுங்குகுழிக்காகத் தோண்டினர், மண் அணைக்காகத் தோண்டினர், கண்ணிவெடி அகற்றத் தோண்டினர். இன்று குடிநீருக்காகத் தோண்டுகின்றனர். அதனை நாம் வரவேற்கிறோம். கால் முறிந்த அந்தக் கமக்காரர் இன்று தடியூன்றி நடக்கின்றார். அடுத்த ஆனியில் அவருடைய வீதியை மறுபடியும் தோண்டுவார்களானால், அவர் குழியருகே அளவுகோலோடு நிற்பார் என்று எமக்குச் சொல்லியிருக்கின்றார். அவர் அங்கே தனியாக நிற்க விடாதிருப்பது நம் எல்லோருடைய கடமை.