சுத்தம் செய்த தண்ணீர் நம்ம குடம் வரைக்கும் சுத்தமா வருதா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



மாதா மாதம் சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றிப் பேசுகிறோம். இன்றைக்கு குடிதண்ணீர் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுக்கும் நம்ம குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உங்கள் குழுவின் உள்கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். 'மருத்துவச் செலவு' என்று எத்தனை வரி இருக்கிறது? பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, வீட்டுக்காரருக்கு டைபாய்டு, மருமகளுக்கு மஞ்சள் காமாலை. இந்த நோய்கள் பெரும்பாலும் கெட்ட தண்ணி வழியாகத்தான் வருகின்றன. தண்ணீர் மூலம் பரவும் ஒரு வகைக் காமாலை, மாதம் நிறைந்த கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தானது. ஆகவே இது நம் பணம், நம் உயிர் இரண்டையும் பற்றிய விஷயம்.

நம் சென்னை நகரத்துக்கு பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்து தண்ணீர் வருகிறது. 1996 முதல் கிருஷ்ணா நதி நீர், 2004 முதல் வீராணம் நீர் வந்து சேர்ந்தன. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் வந்தன. ஏரித் தண்ணீரை அப்படியே அனுப்புவதில்லை. கீழ்ப்பாக்கம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கீழ்ப்பாக்கம் நிலையம் 1914-ல் தொடங்கியது, நூறு வயதைத் தாண்டிவிட்டது.

அங்கே என்ன செய்கிறார்கள்? நமக்குத் தெரிந்த வேலைதான், பெரிய அளவில் நடக்கிறது. முதலில் படிகாரம் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அழுக்கெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகி அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை மணல் படுகை வழியாக வடிகட்டுகிறார்கள். கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள். படிகாரமும் மணலும் அழுக்கையும் கிருமிகளில் பெரும்பகுதியையும் எடுத்துவிடும். மிச்சமிருக்கும் கிருமியைக் கொல்வது குளோரின்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளோரின் அங்கேயே வேலையை முடித்துக்கொள்வதில்லை. குழாய் வழியே நம் வீடு வரைக்கும் தண்ணீரோடு கூடவே காவலுக்கு வருகிறது. வழியில் கொஞ்சம் கிருமி சேர்ந்தாலும் அதைக் கொல்ல வேண்டுமல்லவா? அதனால்தான் நம் குழாயில் வரும் ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. 'மருந்து வாசனை அடிக்குது' என்று நாம் முகம் சுளிக்கிறோம். இலேசான அந்த வாசனை, காவல்காரன் கூடவே வந்திருக்கிறான் என்பதற்கு அடையாளம். சாக்கடை நாற்றம் அடித்தால்தான் பயப்பட வேண்டும்.

அப்படியானால் தண்ணீர் கெடுவது எங்கே? பெரும்பாலும் வழியில்தான். நமக்கு 24 மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி, உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது விரிசல் வழியாக வெளியில் தேங்கி நிற்கும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். அது மாதிரி தட்டுப்பாட்டுக் காலத்தில் தண்ணீர் வரும் நேரம் குறையும், இந்த ஆபத்து கூடும். குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவதும் இதே கெடுதலைச் செய்கிறது. அது சட்டப்படியும் தவறு. பள்ளத்தில் இறக்கி வைத்த அடிபம்பும் அப்படித்தான். மழை பெய்து பள்ளம் நிறைந்தால் அந்த அழுக்கு நீர் பம்புக்குள்ளேயே போகும்.

எங்கள் பகுதியில் ஒரு சந்து. கடைசி நாலு வீட்டுக்கு மட்டும் காலையில் முதல் பத்து நிமிஷம் கறுப்பாக, நாற்றத்தோடு தண்ணி வரும். 'கொஞ்ச நேரம் விட்டுப் பிடிச்சா சரியாயிடும்' என்று பழகிப்போனார்கள். அங்கிருந்த குழு உறுப்பினர்கள் ஒரு வாரம் நோட்டில் எழுதி வைத்தார்கள்: எந்த வீடு, எத்தனை மணிக்கு, என்ன நிறம். பிறகு நாலு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். தோண்டிப் பார்த்தால், அந்த வீடுகளுக்குப் போகும் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி சாக்கடைக்குள்ளேயே கிடந்தது. வீட்டு உரிமையாளர் செலவு செய்ய முதலில் யோசித்தார். எல்லோரும் சேர்ந்து போய் நின்றதும் புதுக் குழாய் போட்டுக் கொடுத்தார். மெயின் குழாயில் தண்ணி நல்லாத்தான் வந்தது. கெட்டது கடைசிப் பத்தடியில்தான்!

சகோதரிகளே, ஒருத்தி தனியாகச் சொன்னால் 'உங்க வீட்டுப் பிரச்சினை' என்பார்கள். தெருவே எழுதிக் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஆகவே ஒவ்வொரு குழுவும் கீழ்க்கண்டவற்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. குளோரின் சோதனையைக் கற்றுக்கொள்ளுங்கள். சிறு குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறமே வராவிட்டால் குளோரின் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் மாதிரி எடுக்க வரும் பணியாளரிடம் 'எங்க முன்னாடி செஞ்சு காட்டுங்க' என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

2. நிறம், நாற்றம் மாறினால் தேதி, நேரம் எழுதி, சேர்ந்து புகார் கொடுங்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916. புகார் எண்ணை வாங்கி தீர்மானப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

3. தரைத் தொட்டி, மேல் தொட்டியை மூடி வையுங்கள். முறை வைத்துக் கழுவுங்கள். தெருவில் இருக்கும் பொதுத் தொட்டியையும் கவனியுங்கள்.

4. சந்தேகம் இருந்தால் தண்ணீரைக் காய்ச்சுங்கள். சூடானால் மட்டும் போதாது, தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க வேண்டும். துணியில் வடிகட்டினாலோ, தேத்தாங்கொட்டை உரசிப் போட்டாலோ தண்ணீர் தெளியும், ஆனால் கிருமி சாகாது.

5. குடத்தை மூடி வையுங்கள். உள்ளே கையை விடாமல், நீளப் பிடி வைத்த கரண்டியால் மொண்டு எடுங்கள். குழாயில் நல்ல தண்ணி பிடித்து குடத்தில் கெடுத்துவிடக் கூடாது.

6. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உடனே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண் குழி விழுந்தாலோ, பிள்ளை துவண்டு போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

கேன் தண்ணி வாங்கிக்கிட்டா பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறோம். வாங்க முடிகிறவர் வாங்கலாம், முடியாதவர் என்ன செய்வார்? ஒவ்வொருவரும் கேனுக்கு மாறிவிட்டால் தெருக்குழாயைப் பற்றிக் கேட்க ஆளே இருக்காது. மாதம் கேனுக்குக் கொடுக்கும் தொகையையும் குழுவில் கட்டும் சேமிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், புரியும்.

ஏரியிலிருந்து நம் தெரு வரை தண்ணீரைச் சுத்தமாகக் கொண்டுவருவது அரசின் பொறுப்பு. அதை விடாமல் கேட்பது நம் பொறுப்பு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தன் தெருத் தண்ணீர் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், சேர்ந்து மனு கொடுப்போம்.